வற்றக் காய்ச்சிய தண்ணீர்

என் மகள் அபிநயாவுக்கு இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தபோது அவளுடைய உதடு நீலமானது. அதன்பின் ஏழு நாட்கள் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்து இப்போது ஆறு கிழமை, ஒன்றரை மாதம். சாம்பல்தீவில் எங்கள் ஒழுங்கையில் சந்திக்கிறவர்களெல்லாம் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். ஒருவருக்குச் சளி என்று சொன்னேன். இன்னொருவருக்கு இரத்தத்தில் ஏதோ கோளாறு என்றேன். மூன்றாமவர் கேட்டபோது தண்ணீர் என்றேன், எந்தத் தண்ணீர், யார் காய்ச்சியது என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருத்துவச் சொற்களை டொக்டரும் தாதி மிஸ்ஸியும் எனக்கு எப்படி விளங்கப்படுத்தினார்களோ அப்படியே எழுதுகிறேன். வேறுமாதிரி எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன வெங்காயத் தோட்டம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் கிணறு. நிலம் முழுக்க மணல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊற்றிய இடம் தெரியாது. பசளையும் அப்படித்தான், போட்டது எங்கே போகிறதென்று தெரியாது. மழை பெய்து வெங்காயத் தாள் நுனி மஞ்சளானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் யூரியா ஒருமுறை போட்டால் நான் இரண்டுமுறை போடுவேன். கோழி எருவும் கொட்டுவேன். இறைக்கிற தண்ணீரைச் சீமெந்துத் தொட்டியில் விட்டால் இரண்டு நாளில் பச்சைப் பாசி மூடிவிடும். நல்ல வளமான தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன். அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் என் மனைவி கௌரிக்கு மார்பில் கட்டி வந்து வெட்டினார்கள். தாய்ப்பால் நின்றுபோனது. பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டிவந்தது. கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா, "கொதிச்சாறின தண்ணியில கரையுங்கோ" என்று சொன்னார். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளியில் வந்த பிறகுதான் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. திரும்பிப் போய்க் கேட்க வெட்கம்.

கேட்காததை நானே முடிவு செய்தேன். எங்கள் ஊரில் கஷாயம் வைக்கும்போது சட்டிக்குள் ஓர் ஈர்க்கை விட்டுத் தண்ணீர் மட்டத்தில் கிள்ளி அடையாளம் வைப்பார்கள். பிறகு எட்டில் ஒன்றாக வற்றியதா என்று அந்த ஈர்க்கைக் கொண்டுதான் பார்ப்பார்கள். வற்ற வற்றத்தான் மருந்து என்பது எங்களுக்குத் தெரிந்த கணக்கு. பிள்ளைக்கான தண்ணீருக்கும் நான் அதையே செய்தேன். எட்டில் ஒன்று கொஞ்சம் அதிகம் என்று பட்டதால் மூன்றில் ஒன்று. மூன்று போத்தல் கிணற்றுத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, ஈர்க்கை விட்டு, ஒரு போத்தலாக வற்றும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டேன். வேறொருவரையும் குசினிக்குள் விடமாட்டேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குப் பாலோ கஷாயமோ?" என்று கௌரி கேட்பாள்.

"கிருமி ஒண்டும் மிஞ்சக் கூடாது."

"கிருமி என்ன, இந்தச் சூட்டில சட்டியே மிஞ்சாது போல கிடக்கு."

அவள் சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். ஒரு மாதம் இப்படிப் போனது.

அன்று திங்கட்கிழமை காலை. கௌரி குளிக்கப் போயிருந்தாள். நான் பிள்ளையை மடியில் வைத்து நகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை விரல் பத்து, கால் விரல் பத்து, எல்லாவற்றையும் காலையில் ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். அன்று நகமெல்லாம் நாவற்பழம் பிதுக்கிய மாதிரி இருந்தது. முற்றத்தில் நிழலுக்குக் கட்டியிருந்த நீலப் படங்கின் வெளிச்சம் என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி வெயிலுக்கு ஓடினேன். அங்கேயும் அதே நிறம். மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். கௌரி தலை துவட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன, பிள்ளையைக் காயப்போடுறியளோ?"

"உதட்டைப் பார்."

அவள் பார்த்தாள். துவாயைக் கொடியில் போடவில்லை, கீழே போட்டாள். "வெளிக்கிடுங்கோ" என்றாள்.

ஆட்டோவில் நிலாவெளி வீதி வழியே போனோம். வேகமாகப் போகச் சொன்னேன். குழியில் விழுந்து பிள்ளை குலுங்கியபோது மெதுவாகப் போகச் சொன்னேன். உப்புவெளி தாண்டும்வரை இதே கதை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணை, ஒண்டில் வேகமாப் போகச் சொல்லுங்கோ, இல்லாட்டி மெதுவாப் போகச் சொல்லுங்கோ. ரெண்டையும் நான் ஒரு வண்டியில ஓட ஏலாது" என்றார். அந்த மனிதர் எங்களை இறக்கிவிட்டுப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் மதியம்வரை நின்றார் என்பது பிறகுதான் தெரியும்.

பிள்ளையின் காலில் உடுப்புக் கொடிக் கவ்வி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். அது சிவப்பு வெளிச்சம் அடித்து, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று இலக்கத்தில் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. அவளுக்கு எண்பத்துநாலு. தலைக்கு மேல் கண்ணாடிப் பெட்டி போன்ற ஒன்றைக் கவிழ்த்து ஒட்சிசன் விட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்தும் எண்பத்துநாலு. ஒட்சிசன் கொடுத்தால் ஏற வேண்டிய இலக்கம் ஏன் ஏறவில்லை என்று டொக்டர்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். சுவாசப்பையில் பெரிய சளி இல்லை. பிறகு எக்கோ. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் மாதிரித்தான், ஆனால் இருதயத்தைப் பார்ப்பது. இருதயத்தில் ஓட்டை இருந்தால் பிள்ளை நீலமாகுமாம். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற இருபது நிமிடத்தில் நான் அவளுக்குக் கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, அது பிழையாகிப்போய், ஊருக்கும் கொண்டுவந்துவிட்டேன். கதவு திறந்தது. "ஹார்ட் நல்லம்" என்றார்கள்.

பிள்ளைகள் வாட்டில் தாய்மார் மட்டும் தங்கலாம். ஆண்களுக்கு மதியம் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம். நடுவில் இருக்கிற நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறுவேன், இறங்குவேன். பிறகு துறைமுகப் பக்கம் நடப்பேன். அங்கே கப்பல் நின்றதா என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு அரை மணிக்கும் கௌரிக்குப் போன் எடுப்பேன்.

"இலக்கம் எத்தினை?"

"அதேதான். நீங்கள் இப்பிடி எடுத்தா என்ர போன்தான் முதல்ல சாகும்."

பக்கத்துக் கட்டிலில் இறக்கக்கண்டியைச் சேர்ந்த ஜெஸீமா என்ற அக்கா, மூச்சு இழுப்பு வந்த தன் மகனோடு இருந்தார். புருஷன் கடலோரக் களப்பில் வலை போடுகிறவர். வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் வந்தால் பாதியைக் கௌரியின் கோப்பையில் கொட்டிவிடுவார். வேண்டாம் என்றால் பேச்சு விழும். "பட்டினி கிடந்து புள்ளயப் பாக்கப் போறியா? தின்னு தங்கச்சி. மீன் முள்ளு இருக்கு, அழுதுக்கிட்டுத் தின்னாத." அந்த நாட்களில் கௌரி சாப்பிட்ட சோறெல்லாம் இவர் ஏசி ஊட்டியது.

செவ்வாய்க்கிழமை மாலை இலக்கம் தொண்ணூறு. புதன்கிழமை காலை தொண்ணூற்றைந்து. உதடு ரோசாவாக இருந்தது. மருந்து என்று பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. எதனால் வந்தது, எதனால் போனது என்று தெளிவில்லை, இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். வேறொருவராக இருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். என் மனம் பயப்படுவதற்கு அடுத்த இடம் தேடியது. தேடினால் கிடைக்காமலா போகும்?

வாட்டின் மூலையில் தண்ணீர் வடிகட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பிடித்து மிஸ்ஸிமார் கொதிக்கவைத்து வைத்திருக்கும் தண்ணீரில்தான் தாய்மார் பால் கரைப்பார்கள். அதே நேரம் மூன்றாம் கட்டில் பிள்ளைக்கு வயிற்றோட்டம். வடிகட்டியின் உள்ளே யார் பார்த்தது? அந்தத் தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்சுகிறார்கள்? ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுகிறார்கள் என்று கௌரி சொல்லியிருந்தாள். ஒரு கொதி! ஈர்க்கு இல்லை, அளவு இல்லை.

புதன் காலையே வீட்டுக்குப் போய், இந்த முறை நாலு போத்தல் தண்ணீரை ஒன்றாக வற்ற வைத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். புதன் மதியம் அதைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, கூடையில் பிள்ளையின் துணிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

"வெளித்தண்ணி வேண்டாமெண்டு மிஸ்ஸி சொன்னவ" என்றாள் கௌரி.

"நீ சொல்லாத. அந்த அலுமாரிக்குள்ள வை. இதிலயே கரைச்சுக் குடு."

"இஞ்சத்தைத் தண்ணியிலதானே சுகமாகி வாறாள்."

"மூண்டாம் கட்டில் பிள்ளையைப் பார்."

அவள் மூன்றாம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கிச் சின்ன அலுமாரிக்குள் வைத்தாள். நான் சொன்ன வார்த்தைக்காக வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் நான் இரண்டாவது போத்தலோடு வாட்டுக்குள் நுழைந்தேன். எங்கள் கட்டிலைச் சுற்றி ஆட்கள். தூரத்திலிருந்தே நிறம் தெரிந்தது. நீலம்கூட இல்லை, சாம்பல். இலக்கம் எழுபத்தொன்பது. பிள்ளை அழவில்லை. அழாமல் கிடந்ததுதான் என்னால் பார்க்க ஏலாமல் இருந்தது. கண்ணை மட்டும் திறந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டிப் பக்கத்திலிருந்து வந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். பெண். தமிழைப் பிறகு படித்தவர், சொல்லுக்குச் சொல் யோசித்துப் பேசுவார். அவர் பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை வெள்ளைத் தாளில் விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பா, உங்கட விரல் தாங்க."

என் இரத்தத்தையும் ஒரு துளி பக்கத்தில் விட்டார். ஒரு நிமிடம் எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னுடையது காற்றுப்பட்டு நல்ல சிவப்பானது. பிள்ளையுடையது அப்படியே இருந்தது. கரைத்த புளி மாதிரி, மண்ணிறம்.

"இதுதான்" என்றார் டொக்டர். "இலக்கம் ஏன் ஏறல்ல? காற்று போதாம இல்ல. இரத்தம் காற்றை எடுக்கல்ல."

அவர் சொன்னதை றிஸானா மிஸ்ஸி எனக்கு விளங்கும்படி சொன்னார். றிஸானா மிஸ்ஸி கிண்ணியாக்காரர், நிதானமான ஆள். இரத்தத்தில் ஈமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் ஒட்சிசனைச் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் போகிற வண்டி. சில பொருட்கள் உள்ளே போனால் வண்டி ஓடும், ஆனால் சாமான் ஏற்றாது. எவ்வளவு ஒட்சிசனை வெளியிலிருந்து விட்டாலும் பிரயோசனமில்லை. பெரியவர்களின் உடம்பு அந்த வண்டியைத் தானே திருத்திக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் உடம்பு இன்னும் அந்த வேலையைப் பழகவில்லை.

டொக்டர் ஒரு தாளில் எழுதி எழுதிக் கேட்டார். வீட்டில் பூச்சி உருண்டை பாவிக்கிறீர்களா? இல்லை. பிள்ளைக்கு நாட்டு மருந்து? இல்லை. தாயும் தகப்பனும் சொந்தத்துக்குள் கட்டினவர்களா? இல்லை. குடிக்கிறது என்ன தண்ணீர்?

"கிணத்துத் தண்ணி. ஆனா நல்லாக் காய்ச்சித்தான்" என்றேன்.

"கிணத்துக்குப் பக்கம் தோட்டம் இருக்கா?"

"வெங்காயம்."

அவர் முகம் நிமிர்ந்தது. 'தண்ணீர்' என்று தமிழில் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு றிஸானா மிஸ்ஸியைக் கேட்டார், "திங்கட்கிழமை தொடங்கி எங்கட தண்ணி தானே?"

மிஸ்ஸி என்னையும் கௌரியையும் பார்த்தார். "வெளியில இருந்து ஒண்டும் கொண்டு வரல்லயே? பாலுக்கு என்ன தண்ணி எடுத்தீங்க?"

கௌரி என்னைப் பார்த்தாள். என் கையில் கூடை இருந்தது.

"இஞ்சத்தைத் தண்ணிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? விதியை மீறியதற்கு எல்லோருக்கும் முன்னால் ஏச்சு விழும் என்ற பயம் ஒன்று. அதைவிட, என் தண்ணீரில் பிழை இருக்க ஏலாது என்று அந்த நிமிடமும் நம்பினேன். என் தண்ணீரைப்போல் சுத்தமான தண்ணீர் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை என்று நம்பினேன். அதனால் அதைச் சொல்லாமல் விடுவதால் பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்தேன்.

டொக்டர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினார். மிஸ்ஸி சொன்னார்: "இதுக்கு ஒரு மருந்து இருக்கு அண்ணா. ஆனா பிறப்பிலயே இரத்தத்தில குறை இருக்கிற சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து இரத்தத்தை உடைச்சிரும். காரணம் தண்ணி எண்டா இப்பவே யோசிச்சு ஏத்தலாம். தண்ணி இல்லையெண்டா பிறப்புக் குறைதான். கொழும்புக்கு அனுப்பிப் பாக்கோணும். அம்புலன்சுக்குச் சொல்லப் போறாங்க."

டொக்டர் பேனையை எடுத்தார். 'தண்ணீர்' என்று எழுதி வட்டம் போட்டிருந்த சொல்லுக்கு மேலே ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டை நான் பார்த்தேன். தோட்டத்தில் பசளை போட்ட கை, ஈர்க்கைக் கிள்ளிய கை, கூடையைப் பிடித்துக்கொண்டிருந்த கை, மூன்றும் என்னுடையதுதான். கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம்? அம்புலன்சுக்குள்ளும் இந்தத் தண்ணீரில்தான் கௌரி பால் கரைப்பாள், ஏனென்றால் நான் அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

"டொக்டர்" என்றேன். அவர் நிமிரவில்லை. மறுபடி சொன்னேன். "டொக்டர், நான் பொய் சொன்னனான்."

கூடைக்குள் இருந்த போத்தலை எடுத்து வைத்தேன். அலுமாரியைத் திறந்து நேற்றைய போத்தலையும் எடுத்து வைத்தேன். நாலு போத்தலை ஒன்றாக வற்றக் காய்ச்சியது என்று சொன்னேன். வாட்டு முழுவதும் கேட்டிருக்கும். யாராவது ஏசினால் நல்லது என்று இருந்தது. டொக்டர் ஏசவில்லை. கோடு இழுத்த சொல்லைத் திரும்ப எழுதினார்.

"நல்லம்" என்றார். "இப்ப சொன்னீங்க. நல்லம்."

மிஸ்ஸி போத்தலைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து பார்த்தார். தெளிந்த தண்ணீர். மணம் இல்லை. "நிலாவெளி உப்பளம் பாத்திருப்பீங்கதானே அண்ணா?"

"ஓம். என்ர தம்பி அங்க வேலை செய்தவன்."

"வெயில் தண்ணியக் குடிச்சிட்டுப் போகும். உப்பு எங்க போகுது?"

நான் போத்தலைப் பார்த்தேன்.

பசளையில் இருக்கிற சத்து நைத்திரேற்று என்ற உப்பாக மாறி மணலுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்குகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். இது கிருமி இல்லை, சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத் தண்ணீரில் அது தடித்துக்கொண்டு வரும். நான் என் பிள்ளைக்கு ஒரு மாதமாக வற்ற வைத்தது அதைத்தான்.

மருந்து கடும் நீலம், மை மாதிரி. நீலமாகிப்போன பிள்ளைக்கு நீல மருந்து ஏற்றுகிறார்களே என்று எனக்குப் பதறியது, ஆனால் நான் வாய் திறக்கத் தகுதி இல்லாதவன் ஆகிவிட்டேன். டொக்டர் பக்கத்தில் நின்று மெதுவாக ஏற்றினார். பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

முதலில் இலக்கம் இறங்கியது. எழுபத்துநாலு. "மருந்தின் நிறம் மெஷினைக் குழப்பும், பயப்பட வேண்டாம்" என்றார் டொக்டர். எண்பது. எண்பத்தாறு. எண்பத்தொன்பதில் நெடுநேரம் நின்றது. தொண்ணூற்றிரண்டு. பிறகு பிள்ளை வாயைக் கோணலாக்கி, மூச்சிழுத்து, கத்தினாள். அப்படியொரு கத்தல்.

ஜெஸீமா அக்கா கையிரண்டையும் முகத்தில் தேய்த்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்! இப்பதான் புள்ள வாப்பாக்கு ஏசுது. ஏசு மகள், நல்லா ஏசு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் துணி மாற்றப்போன கௌரி அலறினாள். பிள்ளையின் சிறுநீர் பச்சையும் நீலமுமாக இருந்தது. மருந்துதான் அப்படி வெளியேறுகிறது, இரண்டு நாள் இருக்கும் என்று மிஸ்ஸி ஓடிவந்து சொன்னார். அந்தத் துணிகளை நான்தான் தோய்த்தேன். நீலம் போகவே இல்லை.

அன்று மாலை ஜெஸீமா அக்கா தங்கள் களப்பைப் பற்றிச் சொன்னார். மழைக்குப் பிறகு தோட்டத்துத் தண்ணீரெல்லாம் களப்புக்குள் வடிந்து, தண்ணீர் பச்சைக் கஞ்சி மாதிரித் தடித்துவிடுமாம். விடியக் காலையில் மீனெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருமாம். "எங்கட மனிசன் சொல்லுவாரு, தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே மீனுக்கு மூச்சு முட்டுதெண்டு. நான் அவருக்குப் பைத்தியமெண்டு சொன்ன." மிஸ்ஸி, அவர் சொன்னது சரி என்றார். பசளை பாசியை வளர்க்கும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனைத் தின்றுவிடும். நான் என் சீமெந்துத் தொட்டியை நினைத்துக்கொண்டேன்.

கௌரி என்னோடு பேசவில்லை. வியாழன், வெள்ளி, சனி. துணி தாங்கோ, போத்தல் தாங்கோ, அவ்வளவுதான். கோபம் என்றால் அவள் வாய் விட்டு ஏசுகிறவள். இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஏறி இறங்கும்போது அவள் என்னை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போவாள் என்று முடிவு கட்டினேன். பிள்ளையையும் கொண்டுதான் போவாள், அதுதான் சரி என்றும் முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை பொதுச் சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. ஐயா எங்கள் கிணற்றிலும் பக்கத்து மூன்று கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துப் போனார். முடிவு பிறகு வந்தது. எங்கள் கிணற்றில் இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு. மற்றவை கொஞ்சம் குறைவு, ஆனால் அவையும் பிள்ளைகளுக்கு ஆகாது. "நாங்கள் எல்லாரும் இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே வளந்தனாங்கள்?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போதும் கேட்கிறார். பெரியவர்கள் குடித்தால் ஒன்றும் தெரியாது, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் இந்த ஆபத்து இல்லை, போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் இது நஞ்சு என்று நான் சொன்னால், "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்கிறார். அது உண்மை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பயந்தவன் சரியானதற்குத்தான் பயப்படுவான் என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்து, கிணறு தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால், காய்ச்சினால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பி.எச்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். வெட்கப்படாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். வரும் வழியில் கடையில் கானில் அடைத்த தண்ணீர் வாங்கினோம். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைக்குப் பால் நேரம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். குசினிக்குள்ளிருந்து கௌரி கூப்பிட்டாள்.

"வந்து தண்ணி வையுங்கோ."

"நீ வை. எனக்கு ஏலாது கௌரி."

"ஏலும். நீங்கள்தான் வைக்கோணும்."

உள்ளே போனேன். கான் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தேன். பிள்ளை அவளுடைய தோளில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு உதட்டு நிறத்தில். ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் சத்தம் போடத் தொடங்கியது. அடியிலிருந்து குமிழி வந்தது. பிறகு முழுவதுமாகக் கொதித்தது. என் கை அடுப்புத் திருகில் இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஒன்று சொன்னது. இன்னும் கொஞ்சம், ஒரு நிமிடம்தானே. கையைத் திருப்ப முடியவில்லை.

"அண்டைக்கு வாட்டில டொக்டர் அந்தச் சொல்லில கோடு இழுத்தவுடனே நான் மனசுக்குள்ள எண்ணத் தொடங்கினனான்" என்றாள் கௌரி. மூன்று நாளுக்குப் பிறகு அவள் மனம் விட்டுப் பேசியது அப்போதுதான். "பத்து வரைக்கும் எண்ணுவன், அதுக்குள்ள நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன் எண்டு. நான் சொல்லியிருந்தா எங்களுக்குள்ள எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும். ஒன்பதில சொன்னியள்."

நான் திரும்பவில்லை. கேத்தல் மூடி தட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவும் எண்ணுறன்" என்றாள். "ஒண்டு."

இரண்டு என்று அவள் சொல்வதற்குள் அணைத்தேன்.